இரத்தமா? தொட்டிலா?

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பர். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றும் கூறுவர். சிறு சொல்லுக்கும் சீறியெழும் ஒருவனைக் கண்டால், அயலார் முதற் பழமொழியையே நாடுகின்றனர். “தகப்பனுடைய குணம், இரத்தத்தில் ஊறியது” என்று சொல்லி அப்பாற் சென்றுவிடுவர். அந்தத் தகப்பனின் பிரம்பு அவன் முதுகில் எத்தனை முறை விழுந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வழக்கை விஞ்ஞானிகளும் நெடுங்காலமாக விசாரித்து வருகின்றனர். நியூசிலாந்தின் டனீடின் நகரிலே 1972, 1973 ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1037 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின்னரும் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2003 ஆம் ஆண்டில் கஸ்பி, மொபிற் முதலியோர் இதிலிருந்து ஒரு முடிவை வெளியிட்டனர். மூளையிலே செரட்டோனின் என்னும் இரசாயனப் பொருளைக் கையாள உதவும் பரம்பரையலகின் ஒரு பகுதி சிலரிடம் நீண்டும் சிலரிடம் குறுகியும் காணப்படும். குறுகிய வடிவமுடையோர் சிறுவயதிற் கொடுமைக்குள்ளானால், பிற்காலத்தில் மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்பதே அம்முடிவு. உலகெங்கும் அது பெரிதாகப் பேசப்பட்டது.

ஆனால் அது நிலைக்கவில்லை. முப்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களைத் திரட்டி 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே அத்தகைய உறுதியான தொடர்பு புலப்படவில்லை. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. மனச்சோர்வைப் பொறுத்தமட்டில் மனிதருக்கிடையே காணப்படும் வேற்றுமையின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டது பரம்பரையைச் சார்ந்தது என இரட்டையரை ஆராய்ந்தோர் கணித்துள்ளனர். எனினும் அது ஓர் அலகின் வேலையன்று; மிகப் பல அலகுகள் சிறிது சிறிதாகச் செய்யும் வேலை. வீழ்ந்தது அந்த ஓரலகுக் கதையே. சிறுவயதுக் கொடுமைக்கும் பிற்கால மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்போ சற்றும் அசையவில்லை.

அக்கொடுமை உள்ளத்தை எவ்வாறு பற்றுகின்றது? படலை திறக்கும் ஓசை கேட்டதும் அடிவிழுமோ என்று அஞ்சும் பிள்ளையின் மூளை, ஆபத்தை முந்தி அறியப் பழகிக்கொள்கின்றது. அமிக்டலா என்னும் உறுப்பு விரைந்து எச்சரிக்கை செய்கின்றது. அதனை அடக்கி ஆளவேண்டிய முன்மூளைப் பகுதியோ வளர்ந்து முதிர இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். அவ்வீட்டிலே அப்பிள்ளைக்கு அந்த விழிப்பு அவசியமாயிருந்தது. குறைபாடென்று அதைச் சொல்வது நியாயமன்று. ஆபத்து நீங்கிய பின்பும் எச்சரிக்கை ஓயாதிருப்பதே துன்பம். மனைவி குரலைச் சற்று உயர்த்தினாலும் கணவனின் நெஞ்சு படபடப்பது இதனாலேயே.

மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திலே மைக்கல் மீனியும் அவருடைய குழுவினரும் எலிகளை ஆராய்ந்தனர். குட்டிகளை அடிக்கடி நக்கிப் பேணும் தாய்களும் உண்டு. அவ்வளவாகப் பேணாத தாய்களும் உண்டு. நன்கு பேணப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அதிகம் அஞ்சுவதில்லை. இரத்தமே காரணமென்று கூற இடமிருந்ததால், பேணாத தாயின் குட்டிகளைப் பேணும் தாயிடம் விட்டனர். அவை பெற்றவளை ஒவ்வாது வளர்த்தவளை ஒத்திருந்தன. இச்செய்தி 1999 இல் வெளியாயிற்று. தாயின் பராமரிப்புக்கேற்பக் குட்டியின் பரம்பரையலகின்மேல் இரசாயனக் குறிகள் மாறுபடுகின்றன என்று 2004 இல் அவர்கள் காட்டினர். அலகு மாறவில்லை, அது வேலை செய்யும் அளவே மாறிற்று.

எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்துமோ என நேயர்கள் கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்வியே. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரிலே, அனாதை விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளைக் குலுக்கற் சீட்டு முறைபோல இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தனர். நான்கரை வயதிற் பார்த்தபோது, குடும்பங்களிற் சேர்ந்தவர்களிடையே அச்சமும் பதற்றமும் சார்ந்த நோய்கள் குறைந்திருந்தன. இரண்டு வயது நிரம்புமுன் சேர்ந்தவர்களோ, வளர்த்தவர்களிடம் நம்பிக்கையோடு ஒட்டிக்கொள்ளும் பான்மையை மற்றையோரிலும் கூடுதலாகப் பெற்றிருந்தனர்.