தைத்த தசைநாணைக் காக்கும் ஊசி



கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் மடங்காமல் போனா, "நரம்பு அறுந்துபோச்சு" என்கிறோம். அறுந்தது பெரும்பாலும் தசைநாண். அதை ஆசுபத்திரியில் தைக்கலாம். ஆனால் முன்கைத் தசை பலமாக இழுத்தால் தையல் விட்டுப்போகும். பெரியவங்களுக்குச் சொல்லலாம், சின்னப் பிள்ளை கேட்குமா? அதனால் சில வைத்தியர்கள் அந்தத் தசையில் பொட்டுலினம் ஊசி போடுகிறார்கள். கெட்டுப்போன டின் சாப்பாட்டில் வருகிற கிருமியின் விஷம்தான், மிகச் சிறிய அளவில்! தசை சுமார் 3 மாதம் தளர்ந்திருந்து, பிறகு பலம் திரும்பும்.

எல்லோருக்கும் இந்த ஊசி இல்லை. மற்றவங்களுக்கு மட்டையும் பயிற்சியும்தான் காவல். பேர் போகுதேன்னு மட்டையைக் கழற்றிடாதீங்க. பாரவேலைக்குச் சுமார் 12 கிழமை ஆகும். டாக்டர் துண்டை என்னிடம் கொண்டு வாங்க. இலேசான வேலைக்கு நான் துரையிடம் பேசுகிறேன்.