டெங்குக் கிருமியும் புரதக் கற்கண்டும்



டெங்குக் காய்ச்சல் தோட்டப்புறத்தாருக்குப் புதிதன்று. மழை ஓய்ந்தபின் பால்மரத்து மங்கிலும், வீட்டுப் பூந்தொட்டியிலும் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிறது. நகரமும் தப்பவில்லை. 2020-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டனர். ஆயினும் டெங்குக் கிருமியை அழிக்கும் தனி மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

மருந்து என்பது சாவி. கிருமியின் புரதம் பூட்டு. பூட்டின் அமைப்புத் தெரிந்தால் சாவியைத் திட்டமிட்டு வெட்டலாம். அந்த அமைப்பை எப்படிக் காண்பது?

சிராங்கூன் சாலைக் கடைகளில் கற்கண்டு வாங்கியிருப்பீர்கள். சர்க்கரைப் பாகிலுள்ள நுண்துகள்கள் ஒரே மாதிரி இருப்பதால் வரிசையாக அடுங்கிக் கற்கண்டாகின்றன. புரதத்தையும் இவ்வாறு படிகமாக்கி, எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அது சிதறும் விதத்தைக் கொண்டு உருவத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இதற்குத் தூய புரதம் நிறைய வேண்டும். ஆகவே அதன் மரபுக் குறிப்பை வேறோர் உயிரணுவுக்குள் செலுத்தி, அங்கே தயாரிக்கச் செய்கிறார்கள். சமையல் குறிப்பு ஒன்றுதான். சமைப்பவரைப் பொறுத்துப் பண்டம் மாறும்.

பல புரதங்களின் மேல் சர்க்கரைக் கிளைகள் உண்டு. புரதம் சரியாக மடிவதற்கு இவை பெரும்பாலும் தேவை. ஆனால் படிகமாகும்போது இவையே இடைஞ்சல். செங்கற்களை அடுக்கலாம், ஒவ்வொரு கல்லிலும் வெவ்வேறு நீளத்தில் கயிறு தொங்கினால் அடுக்க முடியுமா?

ஈ.கோலி என்ற பாக்டீரியா விரைவாகவும் மலிவாகவும் புரதம் தரும். ஆனால் இத்தகைய சர்க்கரையைச் சேர்க்காது. ஈஸ்ட் நீண்ட கிளைகளைச் சேர்த்துவிடும். பூச்சியின் உயிரணுக்கள் குட்டையான கிளைகளை வைக்கும். சீன வெள்ளெலியின் உயிரணுக்கள் மனித உடலில் உள்ளதைப் போன்ற கிளைகளைச் சேர்க்கும். ஊசி மருந்துக்கு அது மிக நல்லது. படிகத்துக்கோ, கிளைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் சிரமம். புரதம் மடிந்தபின் நொதியைக் கொண்டு கிளைகளைக் கத்தரிப்பதும் உண்டு.

டெங்குக் கிருமியையே பாருங்கள். என்.எஸ்.5 என்னும் அதன் புரதம், கிருமியின் மரபுப் பொருளைப் படியெடுப்பது. அது நம் உயிரணுவுக்குள்ளேயே வேலை செய்வதால் அதற்குச் சர்க்கரைக் கிளை இல்லை. எனவே ஈ.கோலியே போதுமானதாயிற்று. சிங்கப்பூர் பயோபொலிஸ் வளாகத்தில் அப்போது இயங்கிய நோவார்ட்டிஸ் வெப்பமண்டல நோய் ஆய்வு நிலையத்தாரும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும், பிரெஞ்சு விஞ்ஞானிகளும் சேர்ந்து அப்படியெடுக்கும் பகுதியின் உருவத்தை 2007-இல் வெளியிட்டனர்.

கிருமியின் மேலுறைப் புரதம் அப்படியன்று. அதன் 67-ஆவது, 153-ஆவது கண்ணிகளில் சர்க்கரை ஒட்டியிருக்கும். 2003-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் விஞ்ஞானிகள் வெளியிட்ட டெங்கு மேலுறைப் புரதத்தின் உருவம், பழ ஈயின் உயிரணுக்களில் தயாரித்த புரதத்திலிருந்து கிடைத்தது.

ஆக, எந்த உயிரணுவில் தயாரிப்பது என்பது சிறிய முடிவன்று. அது தவறினால் படிகம் கிடைப்பதே அரிதாகும், உருவம் தெரியாது, மருந்து தேடும் வேலையும் தள்ளிப்போகும்.

விஞ்ஞானிகள் தம் பணியைச் செய்யட்டும். நம் பங்கும் ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை மங்குகளையும் தொட்டிகளையும் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சல் கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.