கோல்ஃப் பயிற்சிக் கருவிகள்: ஜிக்கும் கேஜும்

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரித்த சான்ட்ரோ கார் 1998இல் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் இருபது வயதான பாக் சே-ரி அமெரிக்க மகளிர் ஓப்பன் பட்டத்தை வென்று, கொரியாவில் ஒரு தலைமுறையையே கோல்ஃப் மட்டையை எடுக்க வைத்தார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்த கொரியர்களும் ஜப்பானியர்களும் தங்கள் ஓய்வுநாள் வழக்கமாகிய கோல்ஃபையும் உடன் கொண்டுவந்தார்கள். அவர்களோடு பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர்களில் சிலர் நடுவயதில் இந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்குகிறார்கள். சென்னை நந்தனத்தில் உள்ள காஸ்மாபாலிட்டன் கிளப்பின் ஆடுகளம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, ஷிப்டு வேலையும் சாலை நெரிசலும் குறுக்கே நிற்க, அவர்களுடைய பயிற்சியில் பெரும்பகுதி மொட்டை மாடியிலும் கூடத்திலும் நடைபெறுகிறது. அந்த இடத்தில்தான் பயிற்சிக் கருவிகளின் விற்பனை அவர்களை வந்தடைகிறது: முழங்கையை மடங்காமல் பிடிக்கும் பட்டை, மணிக்கட்டைப் பூட்டும் உறை, நடுவில் மடங்கும் மட்டை, பந்தின் வேகத்தைச் சொல்லும் ராடார் என்று அவை பலவகை.

இவற்றை மதிப்பிடுவதற்கு ஆட்டத்தின் விதிநூலே ஓர் அளவுகோலைத் தருகிறது. கோல்ஃப் விதிகளில் 4.3ஆம் விதி, போட்டிச் சுற்று நடக்கும்போது திசைக்கோல், எடை கூட்டிய உறை போன்ற பயிற்சிக் கருவிகளைக் கொண்டு மட்டையைச் சுழற்றிப் பார்ப்பதைத் தடை செய்கிறது. மீறினால் அடிக்கணக்கு ஆட்டத்தில் இரண்டு அடிகள் தண்டனையாகக் கூட்டப்படும், மறுபடி மீறினால் ஆட்டத்திலிருந்தே நீக்கப்படுவர். ஆகவே ஒரு கருவி கையில் இருக்கும்போது அடி எவ்வளவு அழகாக விழுகிறது என்பது பொருட்டன்று. அக்கருவியை எடுத்துவிட்ட பிறகு, அடுத்த வாரம், வேறொரு புல்தரையில், உடம்பில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

இந்த வேறுபாட்டை இருங்காட்டுக்கோட்டையின் தொழிலாளர்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. துளையிடும் பொறியில் பொருளை அசையாமல் பிடித்து, துரப்பணத்தை ஒரே இடத்தில் இறங்கச் செய்வது ஜிக். செய்து முடித்த துளை சரியான அளவில் உள்ளதா என்று ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்வது கேஜ். ஜிக் இருக்கும்வரை துளை தவறாது. ஆனால் ஜிக்கை எடுத்துவிட்டால், துரப்பணத்தைப் பிடித்திருந்த கை எதையும் கற்றிருக்காது. கேஜோ வேலையில் குறுக்கிடுவதில்லை. பிழையைக் காட்டிவிட்டு, திருத்தும் பொறுப்பைச் செய்பவரிடமே விடுகிறது. கோல்ஃப் சந்தையில் அதிக விலைக்கும் ஆரவாரமான விளம்பரத்தோடும் வருபவற்றில் பல ஜிக்குகள். உண்மையில் பயன் தருபவை பெரும்பாலும் கேஜ்கள்.

இயக்கத்திறன் கற்றலை ஆராய்ந்தவர்களும் இதற்கு நெருங்கிய முடிவுக்கே வந்திருக்கிறார்கள். சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுரை, ஒவ்வொரு முயற்சிக்கும் வெளியிலிருந்து திருத்தம் வந்துகொண்டே இருந்தால் கற்பவர் அத்திருத்தத்தையே ஊன்றுகோலாகக் கொண்டுவிடுகிறார், அது நின்றதும் திறன் சரிகிறது என்று வாதிட்டது. வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் 1990இல் நடத்திய சோதனையில், பாதி முயற்சிகளுக்கு மட்டும் விளைவு தெரிவிக்கப்பட்டவர்கள், எல்லா முயற்சிகளுக்கும் தெரிவிக்கப்பட்டவர்களைவிடப் பின்னாளில் சிறப்பாகச் செய்தார்கள். அவை ஆய்வுக்கூடத்துக் கையசைவுகளே, கோல்ஃப் அடிகள் அல்ல. என்றாலும் மொட்டை மாடியில் பயில்பவருக்கு அவை தரும் எச்சரிக்கை குறைந்ததன்று.

நல்ல கேஜுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒவ்வொரு டூல்ரூமிலும் கிடக்கிற ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல்தான். குழியைச் சுற்றிப் புல் மிகக் குட்டையாக வெட்டப்பட்ட பரப்பைக் கிரீன் என்றும், அதன்மேல் பந்தை உருட்டி அடிப்பதைப் பட்டிங் என்றும் சொல்வர். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும் பந்து ஒரு பாகை விலகிப் புறப்பட்டால், குழியை அடையும்போது அதன் மையம் 52 மில்லிமீட்டர் தள்ளி, ஏறக்குறைய விளிம்பின் மேலேயே இருக்கும். இப்போது ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கேலைத் தரையில் கிடத்தி, அதன் ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனைவரை கீழே விழாமல் உருட்டப் பழகுபவர் எதைச் சாதிக்கிறார் என்று பார்க்கலாம்: நடுவிலிருந்து விளிம்புவரை 15 மில்லிமீட்டர், நீளம் 1,000 மில்லிமீட்டர் என்பதால், ஒரு பாகைக்கும் சற்றுக் குறைந்த விலகலுக்குள் பந்தைப் புறப்படச் செய்கிறார். அதாவது மூன்று மீட்டர் அடிக்குத் தேவையான திசைத் துல்லியம் முழுவதையும் அந்த இரும்புப் பட்டை சோதித்துவிடுகிறது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் எங்கே நோக்கியிருக்கிறது என்பதே. ஆகையால் பந்து ஸ்கேலின் இடப்பக்கம் விழுந்ததா, வலப்பக்கம் விழுந்ததா என்பதைக் கொண்டே முகம் எப்பக்கம் திரும்பியிருந்தது என்று அறியலாம். இதைவிடத் தெளிவாகப் பேசும் கருவியைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தும் வாங்குவது அரிது. இது காட்டாதவற்றில் முதன்மையானது, பந்தை எவ்வளவு தூரம் அனுப்புவது என்ற அளவறிவு. அதற்கு உண்மையான கிரீனும் பல மாதப் பழக்கமும் வேண்டும்.

தொலைவடிகளுக்கும் இவ்வகை எளிய சான்றுகள் உண்டு. மட்டை முகத்தில் காலுக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவி அடித்தால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். நடுவில் படாத பந்து ஏன் தூரம் குறைகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்றை வைப்பது அதைவிட முக்கியமானது, ஏனெனில் செயற்கைப் புல்விரிப்பு ஒரு பெரும் பிழையை மறைத்துவிடுகிறது. மண்ணில் மட்டை பந்துக்கு முன்பே தரையைத் தொட்டால் அது புதைந்து வேகமிழக்கிறது. விரிப்பிலோ அது வழுக்கிச் சென்று பந்தைக் கிட்டத்தட்ட நன்றாகவே அடித்துவிடுகிறது. விரிப்பில் மட்டும் பயின்றவர்கள் புல்தரைக்கு வந்து திகைப்பதற்கு முதற்காரணம் இதுவே. துண்டைத் தொட்ட மட்டை அந்தப் பிழையை உடனே சொல்லிவிடும்.

கொரியாவில் வேரூன்றிய ஸ்கிரீன் கோல்ஃபையும் இங்கே கருத வேண்டும். 2000இல் தொடங்கப்பட்ட கோல்ஃப்சோன் நிறுவனம், திரையில் தோன்றும் ஆடுகளத்தை நோக்கி உண்மையான பந்தை அடிக்கும் அறைகளை அந்நாட்டில் பரவலாக்கியது. ஒளிப்படக்கருவியோ ராடாரோ பந்தின் வேகம், ஏறுகோணம், சுழற்சி ஆகியவற்றை அளந்து, மிச்சப் பயணத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. இத்தகைய அளவைகளே, மட்டை செல்லும் பாதைதான் பந்தின் தொடக்கத் திசையைத் தருகிறது என்ற பழைய பாடத்தைத் திருத்தி, முகத்தின் திசையே அதில் முதன்மை என்று நிறுவின. அது ஒரு மெய்யான அறிவுப்பேறு. ஆனால் தனியாகப் பயில்பவர் ஒவ்வோர் அடிக்குப் பின்பும் பத்து எண்களைப் படிக்கும்போது, உடம்பு தானே உணர வேண்டிய அதிர்வையும் ஒலியையும் இழக்கிறார். பயிற்சியாளர் ஒருவர் உடனிருந்து எந்த எண் இன்று பொருட்டு என்று சொல்லும்போதே ராடார் தன் விலைக்குத் தகுதியாகிறது.

உடம்பைக் கட்டும் பட்டைகளுக்கு ஒரே நியாயம்தான் உண்டு: சரியான நிலை எப்படி உணரப்படும் என்பதைச் சில நிமிடம் காட்டுவது. அதன்பின் அவை அலமாரியில் இருக்கலாம். உல்ஃப் என்னும் ஆய்வாளரும் அவருடைய துணையாய்வாளர்களும் 1999இல் தொடக்கநிலையினரைக் கொண்டு நடத்திய கோல்ஃப் ஆய்வில், கைகளின் அசைவில் கவனம் வைத்தவர்களைவிட மட்டையின் அசைவில் கவனம் வைத்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். பட்டைகளோ கவனத்தை மீண்டும் மீண்டும் கைக்கே இழுக்கின்றன. நடுவில் மடங்கும் மட்டை இவற்றிலிருந்து வேறானது. சுழற்சியில் அவசரம் நேர்ந்தால் மடங்கி, நேரவில்லையெனில் சும்மா இருப்பதால் அது கேஜ் இனத்தைச் சேர்ந்தது.

இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் வரலாறும் கருவியற்ற கற்றலுக்குச் சான்று பகர்கிறது. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகனான எஸ். எஸ். பி. சௌராசியா, அங்கேயே பார்த்துப் பார்த்துப் பழகி, 2016இலும் 2017இலும் இந்திய ஓப்பனை வென்றார். நாளெல்லாம் ஆடுகளத்திலேயே வாழும் வாய்ப்பு அவருக்கு இருந்தது என்பதை மறக்கலாகாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கும் பொறியாளருக்கு ஸ்கேலும் துண்டும் அந்த வாய்ப்பு இல்லாத குறையில் ஒரு பங்கை ஈடுசெய்கின்றன.

ஆகவே கருவி வாங்கும் முன் ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் செலவிட்டு முதன்மையான பிழை எது என்று அறிந்து, அந்த ஒரு பிழையைக் காட்டும் கேஜ் ஒன்றை மட்டும் தேர்வதே முறை. பயிற்சியில் ஓர் அடி கருவியோடும் அடுத்த அடி கருவியில்லாமலும் அமைய வேண்டும். கருவியில்லாத அடிக்குப் பின், பந்து எங்கே பட்டது, முகம் எப்பக்கம் திரும்பியது என்று முதலில் தாமே ஊகித்துச் சொல்லிவிட்டு, அதன்பின் பவுடர்த் தடத்தையோ பந்து சென்ற வழியையோ சரிபார்க்க வேண்டும். கடைசிக் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, ஒவ்வோர் அடிக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றி, ஆடுகளத்தில் நேர்வது போலவே ஒரே ஒரு வாய்ப்பு தந்து அடித்துப் பார்க்க வேண்டும்.