பொழுது சொல்வோர்



முல்லைப்பாட்டிலே ஒரு காட்சி வருகிறது. பாசறையில் மன்னன் இருக்கிறான். நள்ளிரவு. நாழிகை வட்டிலைப் பார்த்திருப்போர் அவன்முன் வந்து வாழ்த்தி, கழிந்த நாழிகை இவ்வளவு என்று அறிவிக்கிறார்கள். அவர்களைப் பொய் கூறாதவர்கள் என்று சிறப்பிக்கிறார் புலவர் நப்பூதனார். பொழுது சொல்பவனுக்கு வாய்மையே முதற்தகுதி என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

கைக்கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பொய் கூறாதவரைத் தேடிச் சென்ற கதைதான் இதுவும்.

நல்ல குவாட்ஸ் கடிகாரங்கூட மாதத்துக்குப் பதினைந்து விநாடிவரை பிசகும். ஆகவே யாரிடமாவது கேட்டுத்தான் தீரவேண்டும். இலண்டனிலே ஒரு குடும்பம் இதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 1836இல் ஜோன் ஹென்றி பெல்வில் என்பவர் கிறீன்விச் வானாய்வு நிலையத்தில் சரிபார்த்த கடிகாரத்தை நகரத்துக்குக் கொண்டுபோய், கட்டணம் செலுத்துவோருக்கு நேரம் காட்டத் தொடங்கினார். அவருக்குப்பின் அவர் மனைவி. 1892 முதல் 1940 வரை மகள் ரூத். வாரந்தோறும் கிறீன்விச்சுக்குப் போய், கடிகாரத்தைச் சரிபார்த்து, கைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார் அந்த அம்மையார். அவர் விற்றது நேரம். வாங்கியோர் கொடுத்தது நம்பிக்கையின் விலை.

அவர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வானொலி வந்துவிட்டது. 1924 பெப்ரவரி 5ஆந் திகதி கிறீன்விச்சிலிருந்து கிடைத்த நேர ஒலியைப் பி.பி.சி. ஒலிபரப்பத் தொடங்கியது. ஆறு ஒலிகள். முதல் ஐந்து குறியன, ஆறாவது இப்போது நெடியது. அந்த நெடிய ஒலி தொடங்கும் கணமே மணி பிறக்கிறது; அது முடியும்வரை காத்திருந்தவர் அரை விநாடி பிந்திவிட்டார்.

வானொலி அலை இலண்டனிலிருந்து கொழும்புக்கு நேரே வந்தால் ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்குதான் செல்லும். நமது கை அதை உணராது. ஆனால் ஒலிபரப்பு இன்று நேரே வருவது அரிது. தொலைக்காட்சிச் செய்மதி சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் விநாடி போய்விடும். ஒலியை எண்களாக மாற்றி, மீண்டும் ஒலியாக்குவதற்குள் இன்னும் சில விநாடிகள் கழியலாம். ஆகவே தொலைக்காட்சியில் தோன்றும் மணியை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

தானே கேட்டுத் திருந்தும் கடிகாரங்களும் உண்டு. ஜேர்மனியில் பிராங்பேர்ட் நகருக்கு அண்மையிலுள்ள மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹேட்ஸ் மீடிறனில் நெட்டலை புறப்படுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை திகதியையும் நேரத்தையும் குறியீடாகச் சொல்லி முடிக்கிறது. கடிகாரம் இரவில், ஊர் உறங்கும் வேளையில், அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அங்கிருந்து வரும் உறவினர் அத்தகைய கடிகாரமொன்றைப் பரிசாகத் தந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அலையின் எல்லை சுமார் 2,000 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் அது இரவிரவாகத் தாய்க்குரலைத் தேடி, எதுவும் கேளாமல், விடியும்போது சாதாரணக் கடிகாரமாகவே எழும்பும்.

நமக்கு எட்டக்கூடியவை ஜி.பி.எஸ். செய்மதிகள். சுமார் 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அவை ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஐன்ஸ்ரைனின் கொள்கைப்படி அங்கே அவை நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்துலட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். அதனால் ஏவுமுன்பே சற்று மெதுவாக ஓடும்படி அமைத்து அனுப்புகிறார்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. பூமியின் சுழற்சி சீரானதல்ல என்பதால் உலக நேரத்தில் இடையிடையே ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. 1980இல் தொடங்கிய செய்மதி நேரம் அதைச் சேர்ப்பதில்லை. 2017 தொடக்கம் 18 விநாடி முந்தி நிற்கிறது. கழிக்கவேண்டிய தொகையையும் செய்மதியே சொல்லும். ஆனால் அதன் முழுச் செய்தி ஒருமுறை வந்துமுடியப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

ஆகவே செய்மதி நேரம் காட்டும் கருவியோடு, அல்லது அவ்வசதியுள்ள கைத்தொலைபேசியோடு, முற்றத்தில் திறந்த வானத்தின்கீழ் கால் மணித்தியாலம் பொறுத்திருங்கள். பின்பு விநாடி முள் பன்னிரண்டில் வரும்போது கடிகாரத்தின் திருகியை இழுத்து முள்ளை நிறுத்துங்கள். நிமிட முள்ளை வரப்போகும் நிமிடக் கோட்டின்மேல் வையுங்கள். கருவி அந்த நிமிடத்தைத் தொட்டதும் திருகியை அமுக்குங்கள். அவ்வளவுதான்.

இத்தனையும் செய்தபின் உங்கள் விநாடி சரி. மணி சரியா?

மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே 25இல் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. பழைய நேரம் திரும்பியது 2006 ஏப்ரல் 15இல். அதுவரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின், ஓமந்தை தாண்டி வடக்கே போனவர் கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்பினார். முகமாலை தாண்டி யாழ்ப்பாணம் நுழைந்தபோது மீண்டும் முன்னே திருப்பினார். ஒரே வெயில், ஒரே வீதி. மணி மட்டும் இரண்டு. விநாடி முள்ளைத் திருத்த வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

வானத்திலிருந்து வருவது விநாடி மட்டுமே. அதற்கு எத்தனை மணி என்று பெயரிடுவோர் மனிதர். அணு பிசகாமல் தன் வேலையைச் செய்கிறது. நப்பூதனார் வேண்டிய அந்த வாய்மையை நாம் இனித் தேடவேண்டிய இடம், ஒருவரோடொருவர் கூடி மணியைத் தீர்மானிக்கும் நம்மிடத்திலேதான்.