பேரு இருக்கான்னு பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடையில பேசிப் பழக்கமில்ல. எங்க வீட்டுல நடந்ததை மட்டும் சொல்றேன்.

என் மாமியாருக்கு 68 வயசு இருக்கும்போது பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்ககிட்ட இருந்துச்சு, தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க ரேஷன் கார்டைப் பார்த்தா மாமியார் பேரே இல்ல. ஊர்ல மூத்தார் வீட்டு கார்டுல இருந்துச்சு. அவரு காப்பீடு எடுக்கவே இல்ல. என் சங்கிலி அடகுக்குப் போச்சு. மீதிக்கு நம்ம குழுவில உள்கடன் வாங்கினேன். அன்னைக்கு நீங்க கை கொடுத்ததை மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் விவரம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தக் காப்பீட்டுக்கு வயசு கணக்கில்ல. குடும்பத்தோட வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். கணவன், மனைவி, பிள்ளைகள், அவங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மா, இவங்கதான் குடும்பம். எல்லார் பேரும் ரேஷன் கார்டுல இருக்கணும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. நாம பிரீமியம் கட்ட வேண்டாம்.

மூத்தார் கார்டுல பேரை நீக்கி, எங்க கார்டுல சேர்த்தோம். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்கு மின்சார ரயில்ல போய்ப் பதிஞ்சோம். அலைச்சல்தான். ஆனா போன வருஷம் மாமியாருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வெச்சப்போ, அடகுக்கடைப் பக்கம் நாங்க போகல.

வருமானம் கூட இருக்கிற வீட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. 70 வயசு முடிஞ்ச எல்லாருக்கும், வருமானம் பார்க்காம, 5 லட்சம் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்னைக்குத் தொடங்குச்சு. ஆதார்ல இருக்கிற வயசுதான் கணக்கு. அந்த அட்டையை ஏத்துப்பாங்களான்னு, ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

மாற்றுத்திறனாளி பிள்ளைகளை வெச்சிருக்கிற அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம், இந்த நாலுக்கும் தேசிய அறக்கட்டளையோட 'நிராமயா' காப்பீடு இருக்கு. வயசு வரம்பு கிடையாது. வருஷம் 1 லட்சம் வரைக்கும். படுக்கையில சேராம வெளியே பார்க்கிற வைத்தியம், தெரபி செலவுக்கும் இதுல இடமுண்டு. மாற்றுத்திறனாளி சான்று கட்டாயம். வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ரேஷன் கார்டை எடுங்க. மாமியார், மாமனார், உங்களோட இருக்கிற அம்மா, பிள்ளைங்க எல்லார் பேரும் இருக்கான்னு பாருங்க. முதலமைச்சர் காப்பீட்டுல சந்தேகம் இருந்தா 1800 425 3993-க்குப் பேசுங்க, காசு ஆகாது. படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி பார்த்துச் சொல்லணும். அடுத்த குழுக் கூட்டத்துல சேமிப்புப் பணம் எண்ணுறதுக்கு முன்னாடி இதைக் கேட்போம்.

உடம்பு நல்லா இருக்கும்போது அலைஞ்சா அது வெறும் அலைச்சல். ஆஸ்பத்திரி வாசல்ல அலைஞ்சா அது கண்ணீர். அதை நான் பட்டுட்டேன், நீங்க பட வேண்டாம்.