நாலு கோடி இலக்கங்களுடைய முதன்மை எண்



பிரட்டுக்களத்தில் பன்னிரண்டு பேர் நின்றால் அவர்களை மும்மூன்று பேராகவோ நந்நான்கு பேராகவோ சம வரிசைகளில் நிறுத்தலாம். இன்னும் ஒருவர் வந்து சேர்ந்தால் அது முடியாது. பதின்மூன்றைப் போல, ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை நாம் முதன்மை எண் என்கிறோம். தமிழகத்தார் பகா எண் என்பர். இவ்வெண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். ஆயினும் பெரிய முதன்மை எண் ஒன்றைக் கண்டு காட்டுவது எளிதன்று.

2024 ஒக்டோபரில் அமெரிக்கரான லூக் டூரண்ட் அத்தகைய எண் ஒன்றைக் கண்டார். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் அவ்வெண் கிடைக்கும். அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள. அன்றுவரை அறியப்பட்ட முதன்மை எண்களுள் அதுவே பெரியது. விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் ஓயாது வாசித்தாலும் முடிக்கப் பதினைந்து மாதங்களுக்கு மேலாகும்.

இதைக் கேட்டு மலைக்க வேண்டா. அதன் கடைசி இலக்கத்தை இங்கிருந்தபடியே கண்டுவிடலாம். இரண்டை இரண்டாற் பெருக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என வந்து மீண்டும் 2இல் தொடங்கும். 13,62,79,841ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே பெருக்கத்தின் கடைசி இலக்கம் 2. ஒன்று கழிய, நம் எண் 1இல் முடியும்.

ஆனால் அது முதன்மை எண்தானா என்பது வேறு கேள்வி. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 3, 7, 31, 127 வரும்; யாவும் முதன்மை எண்களே. இவ்வொழுங்கை நம்பிப் பதினோர் இரண்டுகளைப் பெருக்கினாலோ 2,047 வருகிறது. அது 23ஐ 89ஆற் பெருக்கிய தொகை! நான்கு முறை பலித்ததென்று ஐந்தாம் முறையும் பலிக்குமெனக் கொள்ளலாகாது. ஆதலாற்றான் டூரண்டின் எண்ணையும் பல கணினிகளில் தனித்தனியே சோதித்த பின்னரே உலகம் ஏற்றது.

சோதிக்கும் கலையில் பெரியதொரு வெற்றி நமது அயல்நாட்டிற் கிடைத்தது. 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்பொழுதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் இளைஞர் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். எந்த எண்ணும் முதன்மை எண்ணா அன்றா என்பதை அது ஐயமறத் தீர்க்கும்; இலக்கங்கள் பெருகினாலும் வேலை கட்டுமீறிப் பெருகாது. டூரண்டின் எண் போன்றவற்றுக்கு இதனினும் விரைவான தனிமுறை உண்டெனினும், இஃது எல்லா எண்ணுக்கும் பொருந்துவது. 2006இல் இதற்குக் கோடெல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்விளைஞர் இருவரும் அன்று ஏறத்தாழ எங்கள் வயதினர். தோட்டத்துப் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்போர் இன்னும் நம்மிடையே உளர். கொழுந்தின் நிறையையும் சம்பளச் சீட்டையும் தானே கூட்டிப் பார்க்கத் தெரிந்தவனை ஏய்ப்பது அரிது. பிறர் சொன்னதைச் சோதித்தே ஏற்கும் பழக்கம் அதனினும் பெரிய ஊதியம்.

ஆகவே பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் வாரம் ஒரு மாலை கணித வகுப்பு நடத்துவோம். பல்கலைக்கழகத்திற் பயிலும் நாங்கள் விடுமுறைதோறும் வந்து கற்பிக்கச் சித்தமாயிருக்கிறோம். இடமும் விளக்கும் பெரியோர்கள் தந்துதவுக.