பென்சிலால் மட்டும்

(நூற்றாண்டு மலருக்கு எழுதுவோருக்கான பட்டறையில் ஆற்றிய உரை)



மலருக்கு வரும் ஆக்கங்களை வாசித்து அபிப்பிராயம் சொல்லும் வேலையை எங்கள் வகுப்பைச் சேர்ந்த நால்வரிடம் மலர்க்குழு ஒப்படைத்தது. ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் இரசாயனவியல் படிப்பிக்கிறார், ஒருவர் வீட்டையும் மாமியாரையும் பார்க்கிறார், பேசுவதற்குத் தள்ளிவிடப்பட்டவர் வைத்தியர். நால்வரில் ஒருவரும் ஒரு புத்தகம்கூட எழுதியதில்லை. வேலை தொடங்கி இரண்டு கிழமைக்குள் ஒரு அக்கா ரெலிபோனில் கேட்டுவிட்டார்: "பிள்ளையள், என்ரை கட்டுரையில கைவைக்க நீங்கள் ஆர்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எங்களுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை முப்பது வருடத்துக்கு முன்னமே ஒருத்தி எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

1993ஆம் ஆண்டு. நாங்கள் பத்தாம் வகுப்பு. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். தாளுக்குப் பஞ்சம். பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். ஒரேயொரு பிரதி, வகுப்பு வகுப்பாகச் சுற்றும். நாங்கள்தான் ஆசிரியர் குழு. எங்கள் தகைமை, தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குக் கிடைத்த சான்றிதழ்கள்.

தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு படித்த ஒருத்தி ஒரு கதை தந்தாள். ஊரே வெளிக்கிட்டபோது அவளுடைய அம்மம்மா வர மறுத்த கதை. "நான் வரேல்லை. ஆட்டுக்கு ஆர் குழை போடுறது?" என்று கிழவி கேட்கிறா. நாங்கள் சிவப்புப் பேனையால் திருத்தினோம்: "நான் வரமாட்டேன். என் ஆட்டிற்கு யார் உணவளிப்பார்?" முடிவில் தாய்மண்ணின் பெருமை பற்றி எங்கள் சொந்தச் சரக்காக ஒரு பந்தியும் சேர்த்தோம். அவள் வாசித்துப் பார்த்தாள். "நல்லாயிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை. 1995இல் எல்லோரும் சிதறிப்போனோம்.

எழுத்துப் பழகாதவர்கள் என்பதால்தான் நாங்கள் அப்படிச் செய்தோமா? அப்படிச் சொல்லித் தப்பிவிடவும் முடியாது. 1960களின் தொடக்கத்தில் எங்கள் நாட்டில் பெரிய வாதம் ஒன்று நடந்தது. கதைகளில் சாதாரண சனத்தின் பேச்சை அப்படியே எழுதியவர்களைப் பார்த்து, இது 'இழிசனர் வழக்கு' என்று சொன்னவர்கள் பண்டிதர்கள். இலக்கணத்தில் அவர்களுக்கு இருந்த தகுதியை எவரும் மறுக்கமாட்டார்கள். அவர்களுடைய ஆலோசனையை அன்று எல்லோரும் கேட்டிருந்தால் எங்கள் ஈழத்துச் சிறுகதை என்னவாகியிருக்கும்? மறுபக்கத்தில் டொமினிக் ஜீவா. பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர், யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்தவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேலாக நடத்தினார். அதில் முதல் எழுத்து அச்சேறிய இளம் எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். ஆகவே சான்றிதழை வைத்து இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல ஏலாது.

வைத்தியர்கள் எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் செக்கோவை இழுக்காமல் விடமாட்டார்கள். அவரும் வைத்தியர்தான், மற்றவர்களின் கதைகளை வாசித்துக் கடிதம் கடிதமாக அபிப்பிராயம் எழுதினார்தான். ஆனால் அவர் செக்கோவ். அவருக்குப் பின்னால் ஒளிய எங்களுக்கு வழியில்லை. எங்களுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக் கதையையே சொல்கிறோம்.

உள்ளகப் பயிற்சிக்குப் போன முதல் கிழமையில் குழந்தைக்குச் சேலைன் ஊசி ஏற்றத் தெரியாமல் கை நடுங்கியது. அதைக் காட்டித் தந்தவர் பேராசிரியர் அல்லர், ஆறு மாதம் முன்னால் வந்த ஒரு அக்கா. எந்த இடத்தில் கை வழுக்கும் என்று அவவுக்கு ஞாபகம் இருந்தது. பேராசிரியருக்கு அது எப்போதோ மறந்துபோயிருக்கும். புதிதாக எழுதுபவருக்குக் கொஞ்சம் முன்னால் நடப்பவர் உதவலாம் என்று நாங்கள் நம்புவது இதனால்தான்.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் இன்னொன்றையும் தினமும் காண்கிறோம். பக்கத்து வீட்டுக்காரி தனக்குத் தந்த அன்ரிபயோட்டிக்கில் மிஞ்சிய நாலு குளிசையைக் கொடுத்திருப்பா. நல்ல மனதோடுதான். "எனக்குச் சுகமாக்கினது, உனக்கும் ஆக்கும்." எங்கள் சிவப்புப் பேனையும் அதுதான். தமிழ்த்தினத்தில் எங்களுக்குப் பரிசு தந்த நடையை அவளுடைய அம்மம்மாவின் வாயில் திணித்தோம். வாசிப்பவருக்கு நோகும் இடம் தெரியும். "இந்தப் பந்தியில் யார் பேசுகிறார் என்று விளங்கவில்லை", "இங்கே எனக்கு அலுப்புத் தட்டியது" என்று சொல்ல எந்தப் பட்டமும் வேண்டாம். உண்மையாக வாசித்திருந்தால் போதும். மருந்து எழுதத் தொடங்கும்போதுதான் பிழை வருகிறது. அதிலும், எழுதியவர் எங்கே போக நினைக்கிறார் என்று கேட்காமலே எழுதுவது.

இந்த மலருக்காக அவளைத் தேடிப் பிடித்தோம். கனடாவில் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டோம். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்கள் திருத்தினது நல்ல தமிழ்தான். ஆனா அது என்ரை அம்மம்மா இல்லை" என்றாள். நாங்கள் கிழித்து ஒட்டிய அந்தக் கதை இப்போது அவளிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. மீண்டும் எழுதித் தருகிறாயா என்று கேட்டதற்கு, "ஆர் பாக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டாள். "நாங்கள்தான்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து வந்தது. இரண்டு இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினோம். ஒன்றை மாற்றினாள். மற்றதை, "அது அப்படித்தான்" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அப்படியே மலரில் வரும். ஆடும் இருக்கிறது, குழையும் இருக்கிறது.

உங்கள் ஆக்கங்கள் அந்த மேசையில் பெயர் எழுதிய உறைகளில் இருக்கின்றன. பென்சில்தான் பாவித்திருக்கிறோம். அழிறப்பரும் வைத்திருக்கிறோம், தேநீருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.